செக்போஸ்ட் ஜெயதாஸின் குறுக்கு

வாழைக்குலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, காம்பிலிருந்து நுனிவரை மூக்கை ஓட்டிக்கொண்டு போகிறார் ஜெயதாஸ். பாறசாலை சந்தையை ஒட்டிய தங்கப்பனின் காய்கறிக் கடையில் காலை வியாபாரம் மும்முரமாக நடக்கிறது. பின்னால் இரண்டு பெண்கள் பையோடு காத்து நிற்கிறார்கள். அதெல்லாம் ஜெயதாஸின் கண்ணில் படாது. ஒரு காயை நகத்தால் கீறி, கசிந்த கறையை விரலில் தொட்டு, வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார்.

“அண்ணே, இதுல மருந்தடிச்சிருக்கா?”

“எலே, பழுக்க வைக்கதுக்காக்கும் மருந்து. இது பச்சக்காயி. பச்சக்காய்க்கு எவம்லே மருந்தடிப்பான்?”

“அதுதான் எனக்கு சம்சயம். பழமா இருந்தா மருந்து உண்டுன்னு பாத்த ஒடனே தெரியும். பச்சையா இருந்தா ஒண்ணும் தெரியாதே.”

தங்கப்பன் இதற்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல நாளாயிற்று. எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஜெயதாஸ் குலையை மறுபடி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதன் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்படியென்றால் வாங்கிக்கொண்டார் என்று பொருள். “லாறி போலாமா?” என்று தங்கப்பன் கேட்க, காத்து நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஜெயதாஸ் மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்தத் தட்டு அமரவிளையில் பழகியது. நெடுஞ்சாலையில் லாரிகளை மறித்துச் சரக்குப் பார்க்கும் செக்போஸ்ட் இருந்த காலத்தில், ஜெயதாஸ் அங்கே தினக்கூலி ஆள். தார்ப்பாயை அவிழ்ப்பது, மூட்டைகள்மேல் ஏறுவது, நீளமான கம்பியால் குத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. மேலே வெங்காயம் தெரிந்தால் அடியில் வெங்காயம் இல்லை என்றுதான் தொடங்குவார். எல்லாம் சரியாக இருந்தால் லாரியின் பக்கப்பலகையில் இரண்டு தட்டு விழும். அதைக் கேட்டதும் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். ஜெயதாஸ் தட்டிய வண்டியை அதற்குமேல் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. வரி முறை மாறியது, செக்போஸ்டும் மூடியது. ஜெயதாஸ் ஒரு பெட்டி ஆட்டோ வாங்கி ரப்பர் ஷீட்டும் சிமென்டும் ஏற்றப் போனார். சாவடியை இழுத்து மூடிவிட்டார்கள், அவருடைய சந்தேகத்தை மூட யாராலும் முடியவில்லை. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் தொடங்கி, சர்ச் அசன விருந்தில் இலையில் விழும் சாம்பார்வரை எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. தட்டு விழாமல் எதுவும் வாய்க்குப் போகாது.

இப்போது அவர் சோதிப்பது குறுக்குக்கான குன்னன் காய். பால் மட்டும் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் முதலில் கொடுப்பது இதுதான். கோயிலுக்குப் போகிற வீடானாலும் சர்ச்சுக்குப் போகிற வீடானாலும் இதில் வேறுபாடு கிடையாது. காயின் தோலைச் சீவி, மெல்லிசாக அரிந்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொடியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் பளபளவென்று ஒரு கூழ் திரண்டு வரும். அதுதான் குறுக்கு. சொல்ல எளிது. ஜெயதாஸ் கையில் அது எத்தனை நாள் வேலையென்று அவர் பெண்டாட்டியைக் கேட்டால் தெரியும்.

பெண்டாட்டி ஷிஜா மஸ்கட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, ஜெபித்து ஜெபித்து முழங்கால் தேய்ந்தபிறகு உண்டான பிள்ளை என்பதால், பிரசவத்துக்கு ஊருக்கு வந்தவள் நீண்ட விடுப்பில் தங்கிவிட்டாள். வீடு பாதியில் நிற்கிறது. செங்கல் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. பெட்டி ஆட்டோ சம்பாதித்து அந்தச் சுவரைப் பூச முடியாது என்று இருவருக்கும் தெரியும். “மோளு ரெண்டு நேரம் குறுக்கு குடிக்கத் தொடங்கட்டு. பின்ன நான் மஸ்கட்டுக்குக் கேறிப்போறேன்” என்று ஷிஜாதான் சொன்னாள். ஜெயதாஸ் தலையாட்டினார். அவள் போனபிறகு பிள்ளையைப் பார்க்கப்போவது அவர். ஆகவே குறுக்கும் தொடக்கத்திலிருந்தே அவர் கையால்தான் ஆக வேண்டும், இடையில் கை மாறினால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்பது அவர் வாதம்.

சட்டங்களை எழுதாமல் எழுதியவளும் ஷிஜாதான். சர்க்கரை, உப்பு, தேன் எதுவும் ஆகாது. ஒரு புதுச் சாப்பாடு கொடுத்தால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தபிறகுதான் அடுத்தது. பத்து மணிக்குக் குறுக்கு. அதற்கு முன்னால் பால் கொடுக்கக் கூடாது. “பசிச்சாத்தான் பிள்ள வாங்கும்” என்றாள். நர்ஸ் சொன்ன சட்டம் என்பதால் ஜெயதாஸ் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

காயவைப்பதைப் பார்க்கவேண்டும். முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் காய்த்துண்டுகளைப் பரப்பி, மேலே கொசுவலையை நாலு பக்கமும் கல் வைத்துக் கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருப்பார். காகத்துக்கு ஒரு கம்பு, பூனைக்கு ஒரு கம்பு. பக்கத்து வீட்டுச் சரோஜத்துக்குக் கம்பில்லை, பார்வை மட்டும் உண்டு. சரோஜத்தின் வீட்டில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரை இருக்கிறது. காற்று திசை மாறினால் புகை இந்த முற்றத்தின் வழியாகத்தான் போகும்.

“சரோஜக்கா, இண்ணைக்கு பொக போடாண்டாம். எனக்க காயி காயுது.”

“நல்ல கத! மழைக்கு முன்ன ஷீட்டு ஒணங்கண்டாமா? பத்து அடி தள்ளிப்போற பொக ஒனக்க காய்க்குள்ள கேறுமாக்கும்!”

“கேறும் அக்கா. பொகைக்குப் போறதுக்கு வழி கேக்கணுமா?”

துண்டுகளை எடுத்து முகர்ந்துவிட்டு, பாதியைக் கோழிக்குப் போட்டுவிட்டார். மிச்சத்தைப் பொடிக்க மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. முன்னால் யாரோ மிளகாய் பொடித்திருப்பார்கள் என்ற பயம். வீட்டு மிக்சியில் அடித்து, ஷிஜாவின் பழைய வாயில் சேலைத் துண்டில் சலித்து, திரும்பவும் சலித்து, அதற்குமேலும் சலித்தார். “இனி சலிச்சா துணியில ஒண்ணும் நிக்காது, அடியிலும் ஒண்ணும் காணாது” என்று ஷிஜா சிரித்தாள். பொடியைப் பாட்டிலில் அடைத்து மூடிமேல் இரண்டு தட்டுத் தட்டியபோது, “லாறி போலாமா அதிகாரி?” என்று சலாம்கூட வைத்தாள். அன்றைக்கு அவள் நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

முதல்நாள் குறுக்கு ஜெபத்தோடு தொடங்கியது. மோளுவை மடியில் வைத்து, சின்னக் கரண்டியின் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, வாயில் வைத்தார். பிள்ளை அதை நாக்கில் வாங்கி யோசித்தது. பிறகு அப்படியே தாடை வழியாக வெளியே தள்ளிவிட்டது. முதல்நாள் எல்லாப் பிள்ளையும் துப்பும் என்று சொல்லிக்கொண்டார். அடுத்த நாளும் துப்பியது. வாரம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. கரண்டியைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பும். நல்ல சாப்பாடு சாப்பிட்டு எழுந்தவர்கள் பந்தியில் இன்னொரு கரண்டி வேண்டாம் என்று சொல்லும் அதே சாவகாசத்தோடு திருப்பும்.

ஜெயதாஸ் முதலில் காயைச் சந்தேகப்பட்டார். தங்கப்பனை விட்டு அம்பூரிக்குப் போய், மலையிலிருந்து இறக்கிய குலை வாங்கினார். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சரோஜம் வீட்டில் ரப்பர்பால் உறைய ஆசிட் ஊற்றுகிறார்கள், அது மண்வழியாகத் தன் கிணற்றில் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, ஆரியங்கோட்டில் ஒரு நண்பர் வீட்டுக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கன்னாசில் தண்ணீர் கொண்டுவந்தார். பாத்திரத்தைச் சந்தேகப்பட்டு மண்சட்டிக்கு மாறினார். மண்சட்டியின் வாசம் பிடிக்கவில்லையோ என்று திரும்ப எவர்சில்வருக்கு வந்தார். காயை விட்டுக் கேழ்வரகுக்குப் போனார். ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, காய்ச்சி ஊட்டினார். பிள்ளை அதையும் அதே நீதியோடு துப்பியது.

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். டீச்சர், “மோளு நல்ல எடை போட்டிருக்காளே!” என்று கன்னத்தைக் கிள்ளினாள். வேறு எந்த அப்பனும் கேட்டு மகிழ்ந்திருப்பான். ஜெயதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறுக்கு வயிற்றுக்குள் போகவில்லை. எடை மட்டும் ஏறுகிறது. சீட்டில் இல்லாத சரக்கு வண்டியில் இருக்கிறது. யாரோ தனக்குத் தெரியாமல் ஏற்றுகிறார்கள்!

சந்தேகம் நேராகச் சரோஜத்தின்மேல் போய் உட்கார்ந்தது. அவர்தான் பிள்ளை பிறந்ததிலிருந்து, “ஒரு மட்டிப்பழம் மசிச்சுக் குடுத்தா என்னலே? எங்க வீட்டுப் பிள்ளைய எல்லாம் அது தின்னாக்கும் வளந்தது” என்று சொல்லிக்கொண்டிருப்பவர். துணி துவைக்கும்போது பிள்ளையை இடுப்பில் வாங்கி வைத்துக்கொள்பவரும் அவரே. அன்றுமுதல் சரோஜம் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததும் ஜெயதாஸ் அதன் வாயை முகர்ந்து பார்ப்பார். உள்ளங்கையைப் பிரித்துப் பார்ப்பார். துணி மாற்றும்போது, உள்ளே இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒருநாள் அதில் கறுப்பு நூல்போல ஒன்று தெரிய, மட்டி வாழைப்பழத்தின் நார் என்று முடிவுகட்டி வேலியோரம் போய் நின்றார்.

“அக்கா, உள்ளத சொல்லணும். நீங்க மோளுக்கு பழம் குடுத்தீங்களா?”

சரோஜம் ரப்பர்பால் வாளியைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“தாயும் தகப்பனும் சொல்லாம பிறத்தியார் பிள்ளைக்க வாயில ஒரு பருக்க வச்சிருந்தா எனக்க கை அழுவிப்போவும் ஜெயதாசே. நீ மோந்து பாக்கியதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒண்ணு கேக்கேன். குறுக்கு குடுக்க நேரத்துல ஒனக்க பிள்ள அழுவுதா?”

“இல்ல.”

“பசிச்ச பிள்ள அழுவும். ஒனக்க பிள்ள பத்து மணிக்கு ஏப்பம்லா விடுது! காயைப் பாத்தே, கெணத்தப் பாத்தே, என்னையும் பாத்தே. பசி எங்க போச்சுன்னு பாத்தியா?”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை காலம் அண்டிப் பழகியவரை இப்படி நோகடித்தது ஜெயதாஸுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் அந்த ஏப்பம் போய்ச் சிக்கிக்கொண்டது. உண்மைதான். கரண்டியைத் தள்ளிவிட்டு மோளு விடுகிற ஏப்பம் நிறைந்த வயிற்றின் ஏப்பம். அதில் பழவாசம் இல்லை. பால் வாசம்தான். பால் வாசம் பால்குடிப் பிள்ளையிடம் இருக்கவேண்டியதாயிற்றே என்று அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதற்கிடையில் மஸ்கட்டிலிருந்து ஃபோன் வந்துகொண்டிருந்தது. ஷிஜாவின் மேலதிகாரியான சிஸ்டர், கோட்டயத்துக்காரி. “குஞ்ஞு இதுவரெ கழிச்சு தொடங்ஙியில்ல சிஸ்டரே” என்று, பிள்ளை இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை என்பதை ஷிஜா மலையாளத்தில் சொல்வாள். சொல்லும்போது கையில் இருக்கும் துணியை மடித்ததையே மடித்துக்கொண்டிருப்பாள். கடைசியாகப் பேசியபோது சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி விடுப்பு நீளாது. வியாழக்கிழமை மதியம் கூப்பிடுவேன், வருகிறாயா இல்லையா என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆள்.

“வியாழக்கிழமைக்குள்ள குடிச்சா போறேன். குடிக்கல்லண்ணா எப்பிடி விட்டுட்டுப் போவ?” என்றாள் ஷிஜா, சுவரைப் பார்த்து.

“குடிக்கும், குடிக்கும். குடிக்க வைக்கேன்” என்றார் ஜெயதாஸ், அவரும் சுவரைப் பார்த்து. வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளே அவருக்குப் பயம். பிள்ளை ராத்திரி காய்ச்சலில் முனகினால் என்ன செய்வது, அம்மாவைக் கேட்டு அழுதால் எதைக் காட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். போகாதே என்று சொல்லிவிட ஆசை. ஆனால் அவளுக்குப் போக ஆசை, தன்னால் அது கெடக்கூடாது என்று நினைத்தார். பூசாத சுவர் அவர் வாயை அடைத்தது. போ என்றும் சொல்லாமல் போகாதே என்றும் சொல்லாமல், அந்த வீட்டில் இரண்டுபேரும் குறுக்கைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை பழைய உத்தி ஒன்று ஜெயதாஸுக்கு நினைவு வந்தது. செக்போஸ்டில் ஆள் இல்லையென்று காட்டினால்தான் ஒளிந்து நிற்கும் வண்டி வெளியே வரும். “சந்தைக்குப் போயிட்டு பத்து மணிக்கு முன்ன வாறேன். பொடி கரைச்சு வச்சிருக்கேன்” என்று சொல்லி ஆட்டோவைக் கிளப்பினார். வளைவு தாண்டி மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரப்பர் தோட்டம் வழியாகப் பின்பக்கம் நடந்தார். சருகு சத்தம் போடாமல் இருக்கப் பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். யாரைப் பிடிக்கப் போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. வேலிப்பக்கம் பார்த்தார். சரோஜம் தூரத்தில் ரோலரில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஒருவரும் இல்லை. வாசலில் வேற்றாள் செருப்பு எதுவும் கிடக்கவில்லை. சமையலறையில் அவர் கரைத்து வைத்த பொடி மூடியபடியே இருந்தது.

உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அந்த இடைவெளியில் பார்த்தார்.

ஷிஜா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மோளு, வயிறு முட்டும்படி பால் குடித்துக்கொண்டிருந்தது. சுவர்க்கடிகாரம் பத்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

“குடி மக்கா,” ஷிஜா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். “வயிறு நெறய குடி. இண்ணைக்கு ஒரு நாள் மட்டும் போதும். அப்பா குறுக்கு கொண்டு வந்தா வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா? தொறந்தா அம்மாவ அனுப்பிருவாரு.”

ஜெயதாஸுக்குக் காது இரண்டும் சூடாயிற்று. அம்பூரி மலையும், ஆரியங்கோட்டுத் தண்ணீரும், மண்சட்டியும், வேலியோரம் சரோஜத்தின் சிவந்த முகமும் வரிசையாகக் கண்முன் வந்தன. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறிச் சரக்கேற்றியிருக்கிறாள். அதுவும் தினமும், அவர் அடுப்படியில் கூழ் கிளறிக்கொண்டிருக்கும்போதே. கோபத்தில் ஓரடி முன்னே வைத்தார். தரையில் அவர் நிழல் விழுந்தது.

ஷிஜா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை விலக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முந்தானையைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. தார்ப்பாய் அவிழ்ந்தபிறகு, இனி என்ன சொல்லப்போகிறாய் என்று ஜெயதாஸின் கையையே பார்த்து நிற்கிற டிரைவர்களின் பார்வை அது. அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது. கட்டில்மேல் கிடந்த ஃபோன் அடிக்கத் தொடங்கியது. மஸ்கட் எண்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். இருவரும் அதை எடுக்கவில்லை.

ஜெயதாஸ் அவளுக்குப் பின்னால் இருந்த செங்கல் சுவரை ஒருமுறை பார்த்தார். “செவரு இப்பிடியே கெடக்கட்டு” என்றபடி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார். பிறகு கையை உயர்த்தி, கதவுப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.